பாஸ்டருக்கு ஒரு லாரி ஜெபம்

சங்ககிரியில் லாரி சும்மா கிளம்பாது. பூசணிக்காய் உடையும், எலுமிச்சம்பழம் நசுங்கும். ரஞ்சிதா வீட்டு லாரிக்கோ ஜெபம்தான்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் ரஞ்சிதாவின் அப்பா லாரி டிரைவர். அவர் குஜராத்துக்கு லோடு ஏற்றிக் கிளம்பும்போதெல்லாம் சர்ச்சிலிருந்து பாஸ்டர் வருவார். எல்லோரும் லாரியின் மேல் கை வைத்து ஜெபிப்பார்கள். தம்பி ஆசீருக்கு டயர்தான் எட்டும். அது தன் டயர் என்று வேறு யாரையும் தொடவே விடமாட்டான்.

புதிதாக வந்திருக்கும் பாஸ்டர் எபநேசர் ஆத்தூர்க்காரர், இளைஞர். லாரிக்கு அருமையாக ஜெபிப்பார். பிள்ளைகளோடு கதை பேசினால் நேரம் போவதே தெரியாது. ஆனால் பிரசங்கம் செய்ய மேடை ஏறினால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன ஞாயிறு பாதியில் எல்லாம் மறந்துபோய், "ஆமென்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ரஞ்சிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த ஞாயிறு காலை அவள் சர்ச்சுக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கப் போனாள். அங்கே வேப்பமரத்தடியில் பாஸ்டர் இரண்டு ஆடுகளுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க பாஸ்டர், ஆடு கேக்குதுங்களா?"

"ஒண்ணு கேக்குது. இன்னொண்ணு பேப்பரைத் திங்கப் பாக்குது" என்று சிரித்தார். பிறகு அவர் முகம் வாடியது. "இன்னைக்கும் மறந்துட்டா, நான் ஆத்தூருக்கே திரும்பிப் போயிடலாம்னு இருக்கேன் ரஞ்சிதா."

ரஞ்சிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்களுக்கெல்லாம் நீங்க ஜெபிக்கிறீங்க. உங்களுக்கு யாருங்க ஜெபிப்பாங்க?"

பாஸ்டர் யோசித்தார். "என்கிட்ட இதுவரை யாரும் அப்படிக் கேட்டதே இல்லையே."

வயிற்றுவலி, பரீட்சை, போர்வெல்லில் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் ஊரே அவரிடம் ஓடுகிறது. அவருக்கென்று ஒருவரும் இல்லையா? ரஞ்சிதா ஒரே ஓட்டமாக ஓடி, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அவரே பாஸ்டரு. அவருக்கு எதுக்கு அக்கா ஜெபம்?" என்றான் ஆசீர்.

"அப்பாவுக்கு லாரி ஓட்டத் தெரியாதா? அப்புறம் நாம எதுக்கு ஜெபிக்கிறோம்?"

ஆசீர்தான் முதல் ஆளாக வேப்பமரத்தடிக்கு ஓடினான்.

பிள்ளைகள் கூட்டமாக வந்ததும் பாஸ்டர் திகைத்தார். பிரசங்கத் தாள்களைக் கீழே வைத்து, அவற்றின் மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார். எல்லோரும் அவர் தலையிலும் தோளிலும் கை வைத்தார்கள். ஆசீர் குனிந்து அவருடைய செருப்பைப் பிடித்துக்கொண்டான்.

ரஞ்சிதாவுக்குத் தெரிந்தது லாரி ஜெபம் ஒன்றுதான்.

"ஆண்டவரே, எங்க பாஸ்டர் பத்திரமா போய்ச் சேரணும். பாதி வழியில நின்னுடக் கூடாது. பிரேக் நல்லாப் பிடிக்கணும். யாரும் மறிக்கக் கூடாது. தூக்கம் வரக் கூடாது. லோடு சேதாரமில்லாம எறங்கணும்."

"கேக்கறவங்களுக்கும் தூக்கம் வரக் கூடாது" என்று கீழேயிருந்து ஆசீர் சேர்த்துக்கொண்டான்.

"ஆமென்!"

பாஸ்டரின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று ரஞ்சிதா பயந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். மணி அடித்ததும் தாள்களை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

எப்போதும் காலியாகக் கிடக்கும் முன்வரிசையில் அன்று பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள்.

பிரசங்கம் நன்றாகத்தான் தொடங்கியது. பாஸ்டர் தாளைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். கடைசித் தாளில் பாதியைக் காணோம். ஓரமெல்லாம் பல் பதிந்திருந்தது. ஆடு வேலையைக் காட்டிவிட்டது!

அவர் நெற்றி வியர்த்தது. பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். ரஞ்சிதா சட்டென்று பாஸ்டரை நோக்கிக் கையை நீட்டினாள். அதைப் பார்த்து முன்வரிசை முழுதும் கை நீட்டியது.

பாஸ்டர் தாள்களை மடித்து வைத்தார்.

"நான் பாதி வழியில நின்னுட்டேன்" என்றார். "ஆனா, எனக்காக ஜெபம் பண்ண ஆள் இருக்காங்க."

பிறகு வேப்பமரத்தடியில் நடந்ததை, பிள்ளைகளிடம் கதை சொல்வது போலவே சொன்னார். செருப்பு இடம் வந்ததும் சர்ச்சே சிரித்தது. முடிக்கும்வரை ஒருவரும் தூங்கவில்லை. போன வாரம் சிரித்த பின்வரிசையும் அவரை நோக்கிக் கை நீட்டி ஜெபித்தது.

வாசலில் ரஞ்சிதா கேட்டாள். "லோடு எறங்கிருச்சுங்களா பாஸ்டர்?"

"பத்திரமா எறங்கிடுச்சு. ஆனா அடுத்த ஞாயிறும் ட்ரிப் இருக்கே! வந்துடுவீங்கதானே?"

"வாரோமுங்க!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"டயரு என்னோடது!" என்றான் ஆசீர், அவசர அவசரமாக.