அரைக்குதிரை ஊதிய கொம்பு

மாதம் இருமுறை அப்பா வேலை பார்க்கும் சரக்குக் கப்பல் மேரன் வீட்டைத் தாண்டி செயின்ட் கிளேர் ஆற்றில் போகும். ஆனால் நிற்காது. அப்பாவோ கீழே எஞ்சின் அறையில் இருப்பார். மார்ச்சில் கப்பலேறியவரை அவள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. இது ஜூலை.

"கரையிலேர்ந்து நம்ம வீட்டுக் கொம்பு கேட்டா, கேப்டன் என்னை அஞ்சு நிமிஷம் மேல விடுவாரு," என்று போன வாரம் தொலைபேசியில் சொல்லியிருந்தார் அப்பா. "மூணு நீளம், ரெண்டு குட்டை. மறந்துடாத குட்டி!"

கொட்டகைக் கூரையில் இருந்த பழைய கப்பல் கொம்பு ஊத, தொட்டி நிறையக் காற்று வேண்டும். இன்று கப்பல் வரும் நாள். நேற்றுப் புயலில் மின்சாரம் போனதால் தொட்டியை நிரப்பும் மோட்டார் ஓடவில்லை. அண்ணன் டேல் கவலைப்படவில்லை.

"ஜெனரேட்டர் இருக்குல்ல? இதுல ஆயிரத்து இருநூறுன்னு போட்டிருக்கு. காத்தடிக்கிற மோட்டார்ல வெறும் ரெண்டுதான். இது போதாதா?"

ஜெனரேட்டரை வாசலில் வைத்து, மோட்டாரை அதில் செருகி சுவிட்சைப் போட்டான். ஜெனரேட்டர் ஒருமுறை முனகியது, இருமியது, படுத்துவிட்டது.

மேரன் குனிந்து இரண்டு தகடுகளையும் படித்தாள்.

"அண்ணா, அது வாட். இது குதிரைத்திறன்!"

"அதனால என்ன?"

அப்பாவின் எஞ்சின் ஏழாயிரம் குதிரைத்திறன். அதில் எத்தனை பல்பு எரியும் என்று அவரோடு கணக்குப் போட்டுச் சிரித்தவள் அவள். அத்தனை குதிரைகளும் சேர்ந்து அப்பாவைத் தூரமாகத்தான் இழுத்துப் போகின்றன என்று அவளுக்குக் கோபமும் உண்டு.

அட்டையில் எழுதினாள். ஒரு குதிரைத்திறன் எழுநூற்று நாற்பத்தாறு வாட். இரண்டுக்கு ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

"பாத்தியா? ஜெனரேட்டரால முடியாது."

டேலின் முகம் தொங்கிப்போனது. "அப்ப அவ்வளவுதானா?"

மேரன் கொட்டகைக்குள் தேடினாள். அப்போதுதான் மூலையில் கிடந்த, டயருக்குக் காற்றடிக்கும் குட்டி மோட்டார் கண்ணில் பட்டது. அரைக் குதிரைத்திறன். முந்நூற்று எழுபத்து மூன்று வாட்!

"மோட்டார் கிளம்புறப்போ மூணு பங்கு கரண்ட் இழுத்தாக்கூட ஆயிரத்து நூத்திச் சொச்சம்தான். ஜெனரேட்டர் தாங்கும்!"

"ஏய், இந்தப் பூச்சி அவ்வளவு பெரிய தொட்டிய நிரப்ப ஒரு மணி நேரம் ஆகுமே!"

"ஆகட்டும். மணி ஒண்ணரைதான். கப்பல் மூணுக்கு."

ஜெனரேட்டரை மறுபடி கிளப்பியதும் குட்டி மோட்டார் தடதடவென்று ஓடியது. மேரன் தொட்டியின் முள்ளையும் ஆற்றின் வளைவையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலு மாதம் காத்திருந்தவளுக்கு இந்த ஒரு மணி நேரம்தான் நகரவே மாட்டேன் என்றது.

வளைவில் கறுப்பு முகப்பு தெரிந்தது. மேரன் கயிற்றை இழுத்தாள். மூன்று நீளம். இரண்டு குட்டை.

பதில் இல்லை. கப்பல் பாதி கடந்துவிட்டது.

பிறகு ஆறே அதிரும்படி கப்பல் ஊதியது. பின்பக்கக் கதவு திறந்தது. உடம்பெல்லாம் எண்ணெய்க் கறையோடு ஒருவர் ஓடி வந்து சிவப்புத் துணியை ஆட்டினார்.

"அப்பா!"

ஆற்றின் மேலிருந்த தூரத்துப் பாலத்தைக் கப்பல் தாண்டும்வரை மேரனும் டேலும் கை ஆட்டினார்கள். தொட்டியில் இன்னும் கொஞ்சம் காற்று மிச்சமிருந்தது. மேரன் கயிற்றை லேசாகச் சுண்டினாள். ஒரே ஒரு குட்டை.

வெகு தூரத்திலிருந்து அதே அளவில் ஒரு குட்டைச் சத்தம் திரும்பி வந்தது.