மைக் செருகாத பெட்டி

மைக் செருகாத பெட்டிக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஜெனோசன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். மைக்கின் மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப் அது, அவனே கட்டியது. சுற்றின் சொந்த இரைச்சல் எவ்வளவு என்று பார்க்க, மைக்கைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரைச் செருகியிருந்தான். இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கக் கூடாது. வஹகோட்டை மழை காலையிலிருந்து தகரத்தில் அடித்தது, ஈயப் புகை தொண்டையைக் கரித்தது, ஜன்னல் வழியே நனைந்த மிளகுக்கொடியின் வாசம் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பழைய ப்ரீஆம்பிலும் இது லேசாகக் கேட்டிருந்தது. பேயாவது பிசாசாவது, பற்றவைத்ததில்தான் எங்கோ பிழை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லியிருந்தான். இதில் இரைச்சல் பாதிகூட இல்லை. மூச்சு இன்னும் தெளிவாக இருந்தது.

நாளைக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் அவன் மனைவி நிஷாந்தினியின் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். கோயில் பாடகர் குழுவை ஒற்றை ஆளாய் இழுத்துப்போன தொண்டையில் இப்போது கிசுகிசுப்பு மட்டுமே மிச்சம். அதையாவது மகள் ஜெனிஸ்டாவுக்காகப் பதிந்து வைக்க வேண்டும். பழைய பெட்டியின் இரைச்சல் அவளை விழுங்கிவிட்டது. கரண்டின் உறுமலும் வேண்டாமென்று இதைப் பேட்டரியில் ஓடவிட்டிருந்தான். இதுவும் கைவிட்டால் வேறு வழியில்லை. ஆண்டவரே, ஒரு வார்த்தை போதும்.

கட்டிலில் கிடந்தவள் மகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது.

ஹெட்போனில் அதே பெயர். கணீரென்று. நோய்க்கு முந்திய குரலில்.

மைக் மேசையில் தனியாகக் கிடந்தது. இது நடக்க முடியாதென்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தெரிந்தும் பெட்டியோடு இணைத்திருந்த ரெக்கார்டரின் பதிவுப் பொத்தானை அழுத்தினான். கண்ணீர் முட்டியது. ஒலியைக் கூட்டினான்.

"இன்னொரு தடவ சொல்லு நிஷா."

சொன்னாள். சிரித்தாள். தாலாட்டுப் பாடினாள். கூட்டக் கூட்டக் குரல் கிட்டே வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவன் கட்டில் பக்கம் திரும்பவே இல்லை.

மழை விட்டது. ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினான். அறையில் கிசுகிசுப்பு இல்லை. அவள் மூச்சின் இழுப்பும் இல்லை.

திரும்பினான்.

அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாய் அசைந்தது. நெஞ்சு அசையவில்லை. மூக்கருகே விரலை வைத்தான். காற்றே இல்லை. மூச்சு ஹெட்போனில் கேட்டது.

ஒலியைக் குறைத்தான். அவள் தலை தொங்கியது. பதறிப்போய்த் திரும்பக் கூட்டினான். கண்கள் திறந்தன.

"அணைச்சிடாதீங்க," என்றது காதுக்குள் அவள் குரல். "எனக்குப் பயமா இருக்குங்க."

பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் ஒரு நொடியாவது அணைக்க வேண்டும்.

பெட்டியின் சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. நிஷாந்தினி அவனையே பார்த்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினாள்.