மாறிய இடம் மட்டும்

சாளரத்தை மூடிய பிறகும் அதன் நிழல் கணினித் திரையிலேயே இருந்தது.

சாம்பல் நிறத்தில் நான்கு மெல்லிய விளிம்புகள், நடுவில் ஒன்றுமில்லை. அவள் சுட்டியை அதன் மேல் கொண்டுபோனாள். சுட்டி போன வழியெல்லாம் சின்னச் சின்ன அம்புகள் அப்படியே நின்றன.

"எதையோ கெடுத்துட்டேன்டா," என்றாள் போனில் தம்பியிடம்.

"நீ கை வச்சு கெடாம இருந்தாத்தான்க்கா அதிசயம்."

ஓர் ஆய்வகத்துக்காக, வீட்டிலிருந்தபடியே செல்களின் படங்களைப் பார்த்துக் குறியிட்டு அனுப்புவது அவள் வேலை. கணினி பழையது. திரையில் எங்கே ஒரு புள்ளி அசைந்தாலும், சாளரங்களை அடுக்கிக் காட்டும் கம்பாசிட்டர் முழுத் திரையையும் புதிதாக வரையும். சூடேறும். உள்ளே விசிறி இரையும். பக்கத்து அறையில் தூங்கும் மகள், குட்டி, எழுந்துவிடுவாள். மூன்று வயது. எழுந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

அதனால்தான் அந்த ஒரு வரி. என்விரான்மென்ட் வேரியபிள் என்பான் தம்பி. எழுந்திருக்கும்போதே நிரலின் காதில் போட்டுவிடும் கட்டளை: மாறிய இடத்தை மட்டும் வரை, மற்றதைத் தொடாதே. எழுதிச் சேமித்து, லாக் அவுட் செய்து திரும்ப வந்திருந்தாள்.

"எந்த ஃபைல்ல போட்ட?"

சொன்னாள்.

"ஐயோ, அது பொது ஃபைல்க்கா. கம்பாசிட்டருக்கு மட்டும்னு தனியா ஒண்ணு இருக்கு. இதுல போட்டா, இப்ப முழிச்சிருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே எழுந்திருக்கிற எல்லாத்துக்கும் போய்ச் சேரும்."

"சேரட்டும். விசிறி நின்னுடுச்சு. எனக்கு அது போதும்."

"பழசெல்லாம் அழியாம அங்கங்க நிக்குமே?"

"நின்னுட்டுப் போகட்டும்டா. அவ தூங்கணும்."

விசிறி அடங்கிய வீட்டில், அதுவரை கேட்காதவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின: குழாயில் சொட்டும் நீர், அடுக்குமாடி வீட்டின் பால்கனி மாடத்தில் காயும் துணிகள் காற்றில் உரசும் ஓசை, சூடாறும் கணினியின் கருகிய பிளாஸ்டிக் வாசனைக்கு நடுவே எங்கோ ஒரு கட்டில் மெல்ல முனகுவது, பிறகு தரையில் பதியும் வெறும் பாதங்கள்.

குட்டி கதவருகே நின்றாள், ஒரு கையால் கண்ணைக் கசக்கியபடி.

"அதுக்குள்ளயா? போய்ப் படு."

அசையவில்லை.

"உன்னால ஒரு வேலை பார்க்க முடியுதா? போ! என் கண்ணு முன்னாடி நிக்காத!"

"போறேன்," என்றது குரல், அழுகைக்கு முந்தைய குரல். ஆனால் கதவருகே நின்றவளின் உதடு அசையவில்லை. குரல் கூடத்திலிருந்து வந்தது.

அவள் எழுந்தாள். கையைப் பிடித்து இழுக்கப் போனாள். விரல்கள் மூடிக்கொண்டன. உள்ளே எதுவும் இல்லை. கண்ணைக் கசக்கும் அந்தச் சின்னக் கை அவள் மணிக்கட்டுக்குள் அப்படியே நின்றது.

அந்த உருவத்துக்குப் பின்னால், பக்கத்து அறைக் கட்டிலில், குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். வாயோரம் எச்சில். மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. போய்த் தொட்டாள். கைக்குப் போர்வைதான் கிடைத்தது.

"அக்கா? என்னாச்சு?"

போனைப் பிடித்தபடியே கூடத்துக்கு ஓடினாள். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. மேசையோரம் ஒரு குட்டி, திரும்பிப் பார்த்தபடி. அம்மா வருகிறாளா என்று பார்க்கும் பார்வை. இரண்டையும் அணைத்தாள். இரண்டும் காற்று.

"குட்டி! அம்மா திட்டலடி! எங்கடி இருக்க?"

மாடத்தில் ஏதோ இழுபடும் சத்தம். பிளாஸ்டிக் முக்காலி.

"ஏதாவது சிக்கினா லாக் அவுட் பண்ணுக்கா. மிச்சம் மீதி எல்லாம் அழிஞ்சிடும்."

மாடத்துக் கதவு. துணிகள். ஈரம். விலக்கினாள்.

முக்காலியைத் தள்ளும் குட்டி.

முக்காலி மேல் குட்டி.

கைப்பிடிச் சுவரில் ஒரு முழங்கால்.

அதன் மேல் இரண்டு பாதங்கள்.

எல்லாவற்றையும் பிடித்தாள். ஒவ்வொன்றாக. கை நிறைய வெயில்.

கீழே யாரோ அலறினார்கள். பிறகு பலர்.

"அக்கா, பண்ணிட்டியா?"

சுவருக்கு வெளியே, பிடிக்க ஒன்றுமில்லாத காற்றில், குட்டி நின்றாள். தலைமுடி மேல்நோக்கி எழும்பியிருந்தது. இரண்டு கைகளும் அவளை நோக்கி நீண்டிருந்தன. அதற்குக் கீழே இன்னொரு குட்டி, வாய் சற்றே திறந்து. அதற்குக் கீழே இன்னொருத்தி, வாய் இன்னும் திறந்து. மாடி மாடியாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, சிறுத்துக்கொண்டே போன அத்தனை முகங்களும் அண்ணாந்து அவளையே பார்த்தபடி.