வடக்கு வெளிச்சத்தில் ஒரு பிணம்

அந்த அலறல் நான்காவது மாடியில் பிறந்து, பிரண்ட் தெருவின் எதிர்ச் சாரிக் காபிக் கடை வரைக்கும் கேட்டது!

அலறியவள் ஜுசாரா. பருத்தியைத் தரம் பிரிக்கக் கற்றுக்கொள்ள பிரேசிலிலிருந்து மெம்ஃபிஸுக்கு வந்திருந்த பயிற்சி மாணவி.

பஞ்சு பரப்பிய கறுப்பு மேஜைக்கும் சுவருக்கும் நடுவே...

ஹார்லன் டீக் கிடந்தார்!

அந்தப் பயிற்சிக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். நெற்றிப்பொட்டில் ரத்தம். பக்கத்தில், பழங்காலத் தராசின் இரும்பு எடைக்கல். பஞ்சின் நிறத்தைப் பிசகாமல் காட்டுவதற்காகவே அந்தக் கூரையில் வடக்கு பார்த்துக் கண்ணாடி பதித்திருந்தார்கள். இன்று அது ரத்தத்தின் நிறத்தையும் பிசகாமல் காட்டியது.

சார்ஜண்ட் லொரெட்டா பாஸ்கம் மாடிப்படி ஏறத் தொடங்கியபோது அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஏறி முடித்தபோது எழுபது.

லிஃப்ட் ஓடவில்லை. போலீஸ் காரில் ஏசி ஓடவில்லை. வேறொரு பிணத்துக்காக இரவெல்லாம் நின்ற கால்கள், இனி எங்கள் பொறுப்பில்லை என்று கைவிரித்து விட்டிருந்தன. போதாக்குறைக்கு, பிடரியிலிருந்து நெற்றி வரை ஒரு தலைவலி.

"ப்ரூயிட்... சாகறவன் எல்லாம் ஏன்டா மொட்டை மாடிக்குப் பக்கத்துலயே சாகறான்?"

"கீழ் மாடில வாடகை ஜாஸ்தி மேடம்!" உதவி டிடெக்டிவ் ப்ரூயிட் சிரித்தான். இருபத்தெட்டு வயது. தூங்கி எழுந்த முகம். அதற்காகவே அவனை அறையலாம் போலிருந்தது.

"விஷயத்தைச் சொல்லு."

"கேஸ் முடிஞ்சுது மேடம். ஆளையே புடிச்சாச்சு! பக்காரி சனோகோ. மாலி நாட்டுக்காரன், இங்க ஸ்டூடண்ட். நேத்து ஃபைனல் டெஸ்ட்ல டீக் அவனை ஃபெயில் பண்ணிட்டார். ரெண்டு பேரும் கிளாஸே அதிர்ற மாதிரி சண்டை. காலையில இந்தப் பொண்ணு அலறினப்போ அவன் படியில இறங்கி ஓடிட்டு இருந்தான்!"

"முடிஞ்சுதுன்னா, என்னை எதுக்கு நாலு மாடி ஏத்தினே?"

"கையெழுத்து உங்களோடதுதானே மேடம் வேணும்!"

லொரெட்டா பிணத்தருகே குனிந்தாள். முழங்கால் முனகியது.

மேஜை மீது இரண்டு மரப்பெட்டிகள் திறந்து கிடந்தன. தரம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரிப் பஞ்சு, இரண்டிலும். மூடிகளில் ஒரே ஆண்டு முத்திரை. ஆனால் ஒன்றில் பஞ்சு பால் போல இருந்தது. மற்றதில், பழைய தலையணை போல மங்கியிருந்தது.

டீக்கின் சட்டை மேல் ஒரு சிட்டிகைப் பஞ்சு. சாதாரணப் பஞ்சு அல்ல. சீப்பால் வாரியதைப் போல இழைகள் ஒன்றுக்கொன்று இணையாக நின்றன. ஓரத்தில் மட்டும் லேசான சிவப்பு.

"இது என்ன?"

"பஞ்சு மேடம். ரூம் பூரா அதானே இருக்கு!"

"உன் மண்டையிலயும் அதான் இருக்கு. பத்திரமா எடுத்து வை."

பக்கத்து அறையில் பக்காரி விலங்கோடு உட்கார்ந்திருந்தான். ஒல்லியான தேகம். இஸ்திரி கலையாத சட்டை.

"ஏன் தம்பி ஓடினே?"

"டாக்டரைக் கூப்பிட ஓடினேம்மா. உயிர் இருக்கும்னு நினைச்சேன்."

"உன்னை ஃபெயில் பண்ணின ஆளுக்கா டாக்டர்?"

"ஃபெயில் பண்ணினது நேத்து சாயங்காலம். ராத்திரி அவரே போன் பண்ணினார். 'நீ சொன்னதுதான் சரி, நாங்கதான் தப்பு. காலையில சீக்கிரம் வா'ன்னார்."

கதவருகே நின்ற ப்ரூயிட் குறுக்கிட்டான். "போன் வந்தது நிஜம் மேடம். ஆனா என்ன பேசினாங்கன்னு இவன் சொல்றதுதான் கதை."

"எதுல நீ சரி?" என்றாள் லொரெட்டா.

"கிளாஸ்ல எல்லாரும் உசத்தின்னு சொன்ன சாம்பிளை எல்லாம் நான் ஒரு படி கம்மின்னு எழுதினேன். மாதிரிப் பெட்டியே பழுப்பேறியிருந்தா, அது பக்கத்துல எந்தப் பஞ்சும் வெள்ளையாத்தான்மா தெரியும்! டீக் சார் நம்பல. அப்புறம் தெரிஞ்ச கம்பெனியில புதுப் பெட்டி இரவல் வாங்கி, பக்கத்துல வச்சுப் பார்த்திருக்கார். இங்க பெட்டி வாங்கறது டைரக்டர் பொறுப்பும்மா."

அவன் குரல் தழைந்தது.

"எங்க ஊர்ல பஞ்சு வாங்க வர்றவன் சொல்றதுதாம்மா தரம். அவன் மட்டம்னா மட்டம். இல்லைன்னு சொல்ல எங்க விவசாயிகள் சங்கத்துல பயிற்சி எடுத்த ஒரு ஆள் கிடையாது. அதுக்குத்தான் என்னை அனுப்பினாங்க. நான் கொலைகாரன்னு பேர் வாங்கிட்டா... இனி ஒருத்தனையும் அனுப்ப மாட்டாங்க."

லொரெட்டாவுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. கைப்பையிலிருந்து ஆஸ்பிரின் பாட்டிலை எடுத்தாள். அதன் வாயில் அடைத்திருந்த வெள்ளைத் துண்டை உருவி மேஜையில் போட்டாள். இரண்டு மாத்திரைகளைத் தண்ணீரின்றி விழுங்கினாள்.

விலங்கு குலுங்கியது.

பக்காரியின் விரல்கள் அவனைக் கேட்காமலே நீண்டு, அந்தத் துண்டைக் கிள்ளி எடுத்தன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்தன. மறுபடி இழுத்தன. முகத்தைச் சுளித்துக் கீழே போட்டான்.

"இப்ப என்ன பண்ணினே?"

"மன்னிச்சிடுங்கம்மா! கை தானாப் போயிடுது. இந்தத் தொழில்ல எல்லாருக்கும் இதே வியாதிதான்."

"சரி... ஏன் கீழ போட்டே?"

அவன் சொன்னான்.

லொரெட்டா அவனையே பார்த்தாள். பிறகு அந்தத் துண்டைப் பார்த்தாள். காலை முதல் முதல்முறையாகத் தலைவலியை மறந்தாள்.

"ப்ரூயிட்! அந்தப் பொண்ணைக் கூப்பிடு."

அழுது வீங்கிய முகத்தோடு ஜுசாரா வந்தாள். உட்கார்ந்தாள். அழுதுகொண்டே துண்டை எடுத்தாள். இழுத்தாள். தூர எறிந்தாள். "இது போய்..." என்று அவள் முனகிய மிச்சத்தை லொரெட்டா மட்டுமே கேட்டாள்.

"உங்க டைரக்டருக்கும் இந்த வியாதி உண்டா கண்ணு?"

"அவருக்கா!" அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "விருந்துக்குப் போனா மேஜை விரிப்புல நூல் உருவி இழை பார்ப்பார் மேடம்! தொடாம தரம் சொன்னா எங்களை கிளாஸை விட்டே துரத்திடுவார்!"

டைரக்டர் விட்ஃபீல்ட் கிரேன் கோடு போட்ட கோட்டில், கசங்காத துக்கத்தோடு வந்தார். இரண்டு கைகளும் கால்சட்டைப் பைகளில்.

"பெரிய இழப்பு ஆஃபீசர். அந்தப் பையனைச் சீக்கிரமாக் கூட்டிட்டுப் போங்க. மத்தியானம் சர்டிஃபிகேட் விழா இருக்கு."

"ஆகட்டும் சார். ஒரே ஒரு சந்தேகம்... இந்தத் துண்டு என்ன தரம்?"

கிரேன் மேஜையைப் பார்த்தார். பையிலிருந்து வலது கை பாதி வெளியே வந்தது... நின்றது... மறுபடி உள்ளே போனது!

குனிந்து பார்த்தார்.

"நல்ல வெள்ளை. தூசி துரும்பு இல்லை. முதல் தரம்."

"தொட்டே பார்க்கலையே?"

"நாப்பது வருஷ சர்வீஸ் ஆஃபீசர். எனக்குக் கண்ணே போதும்!"

லொரெட்டா நீளமாகப் பெருமூச்சு விட்டாள். வெற்றிப் பெருமூச்சல்ல. செருப்பைக் கழற்றும் நேரத்துப் பெருமூச்சு.

"இது என் ஆஸ்பிரின் பாட்டில்ல அடைச்சிருந்தது சார்."

"அதனாலென்ன?"

"இது பஞ்சே கிடையாது! பாலியஸ்டர்! உங்ககிட்ட எட்டு வாரம் படிச்ச ரெண்டு பசங்க, தொட்ட மாத்திரத்துல சொல்லிட்டாங்க!"

கிரேனின் முகம், மேஜை மேல் பார்த்த பழைய பெட்டியின் நிறத்துக்கு மாறியது.

"டீக் சட்டை மேல ஒரு சிட்டிகைப் பஞ்சு கிடந்தது. அடிச்ச பதற்றத்துல கொலைகாரன் கை தானா பஞ்சை இழுத்து இழை பார்த்திருக்கு, அதான் வாரி விட்ட மாதிரி இருந்தது. அதை நான் இங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லல. தெரியாதவங்க சாதாரணமா கையை நீட்டினாங்க. நீங்க ஒருத்தர்தான் கையைக் கட்டுப்படுத்தினீங்க... ஏன்னா, அதைப் போட்டது உங்க கை! பையிலேர்ந்து வெளிய எடுங்க சார்."

கைகள் வெளியே வந்தன. நன்றாகக் கழுவப்பட்ட கைகள். ஆனால் வலது கட்டைவிரல் நகத்தடியில்...

சிவப்பேறிய ஒற்றைப் பஞ்சிழை!

கிரேன் நாற்காலியில் சரிந்தார்.

"வருஷா வருஷம் மாத்த வேண்டிய பெட்டி. ஆறு வருஷமாப் புதுசு வாங்கல" என்றார். குரலில் உயிரில்லை. "பழசோட மூடியை மட்டும் மாத்தினேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். இன்னிக்கு மேடையில எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்னான் டீக்... ஆறு வருஷம் இங்க படிச்ச அத்தனை பேரோட கண்ணும் தப்புன்னு ஆயிடும். நாப்பது வருஷப் பேர் ஆஃபீசர்... கல் என் கைக்கு எப்படி வந்ததுன்னே தெரியல."

"கல்லுக்குத் தெரிஞ்சிருக்கும் சார். நடங்க."

பக்காரியின் விலங்கைத் திறந்தார்கள். அவன் ஓடவில்லை. டீக் கிடந்த அறையின் வாசலில் தொப்பியைக் கழற்றி, சற்று நேரம் தலைகுனிந்து நின்றான்.

"அப்ப... புதுப் பெட்டி வச்சு மறுபடியும் டெஸ்ட்டா?" என்று ஜுசாரா திகிலோடு கேட்டாள். "இப்ப நாங்கதான் எல்லாரும் ஃபெயிலா?"

"நான் சொல்லித் தர்றேன்" என்றான் பக்காரி.

லொரெட்டா படிக்கட்டைப் பார்த்தாள். நான்கு மாடி. இறங்க வேண்டும்.

"மேடம், தலைவலி போச்சா?" என்றான் ப்ரூயிட், கையை நீட்டித் தாங்கியபடி.

"எங்கடா! அந்த பாட்டில்ல மாத்திரையைத் தவிர பாக்கி எல்லாம் வேலை செய்யுது!"