உறையாத ரத்தம்

டெலிபோன் அலறியது!

நர்ஸ் அந்தோணியம்மாள் ரிசீவரை எடுத்தாள்.

"சிஸ்டர்... நான் கன்னியம்மா... மூக்குல ரத்தம் வந்துகினே கீது... நிக்கவே மாட்டேங்குது... எனக்கு பயமா..."

தொப்!

அப்புறம் பேச்சே இல்லை.

கன்னியம்மா! போன வருஷம் வேலூரில் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன இதய வால்வுக்குப் பதில் உலோக வால்வு வைத்துக்கொண்டு வந்தவள். அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை.

டாக்டர் சிவப்பிரகாசம் ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே பதறினார்.

"மாத்திரையைப் பாதியா குறைச்சும் ரத்தம் உறைய மாட்டேங்குதே! வேலூருக்கு ட்ரங்க் கால் போட்டேன், அவங்களுக்கும் புரியல. சிஸ்டர், நம்மள்ல அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் போறவங்க நீங்கதான். வைட்டமின் கே ஊசியோட கிளம்புங்க. தையலை முடிச்சதும் ஆம்புலன்ஸோட வந்துடறேன். ஜல்தி!"

கொசப்பாளையம். தெரு முழுக்கத் தறிச் சத்தம்.

கன்னியம்மாவின் புருஷன், பட்டு வியாபாரி திருமலை கதவைத் திறந்தான். அந்தோணியம்மாள் நுழைந்ததும்...

டக்! தாழ்ப்பாள் விழுந்தது.

"எ... எதுக்குங்க தாழ்ப்பாள்?"

"தெருவுல எட்டிப் பாக்கறாங்க சிஸ்டர்..."

அவன் குரல் நடுங்கியது. அந்தோணியம்மாள் ஊசிப் பையை இறுக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

சேலைகள் அடுக்கிய இருட்டு அறை. காலடியில் ஏதோ ஓடியது. எலி! அலமாரி ஓரம் எலி மருந்து டப்பா.

தூக்கிப் பார்த்தாள்.

டப்பா காலி... எலி மட்டும் குறையவில்லை!

கன்னியம்மாவின் மாத்திரையும் இந்த மருந்தும் ஒரே சரக்கு! ரத்தத்தை உறையவிடாத சரக்கு! அவள் செத்தால் பழி மாத்திரை மேல்தான் விழும்...

உள்ளே பாயில் கன்னியம்மா. புடவையெல்லாம் ரத்தம். நெஞ்சுக்குள் வால்வு மட்டும் 'டிக்... டிக்...' என்றது.

அந்தோணியம்மாள் ஊசியைப் போட்டாள். மூக்கை அழுத்திப் பிடித்தாள்.

"மாத்திரை யார் தர்றாங்க?"

"நான்தான்." திருமலை வாசலை அடைத்து நின்றான்.

"சாப்பாடு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வளையல் சத்தம். திருமலையின் அக்கா செல்லியம்மாள் கஞ்சி டம்ளரோடு வந்தாள். முகமெல்லாம் பரிவு.

"பாவம், பட்டினியா கெடக்குது. நான்தான் சமைச்சுப் போட்டுகினு கீறேன். குடிக்கட்டும் சிஸ்டர்."

கன்னியம்மாவின் விரல்கள் நர்ஸின் கையை இறுக்கின.

அந்தோணியம்மாள் டம்ளரை அவள் பக்கமே தள்ளினாள்.

"மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க."

"எனக்கா? எனக்கு... பசியில்ல."

"ஒரே ஒரு வாய்!"

"குடி அக்கா!" திருமலை கத்தினான்.

டம்ளர் பறந்தது! செல்லியம்மாள் கையில் பட்டு வெட்டும் கத்தரிக்கோல்!

"கிட்ட வந்தா குத்திடுவேன்! ஆமாண்டா, நான்தான் கலந்தேன்! புள்ள பெத்துக்கக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்ட பொம்பளை இவ! என் பொண்ணைக் கட்டிக்கடான்னா கேட்டியா நீ?"

அந்தோணியம்மாள் கன்னியம்மாவின் மேல் கவிழ்ந்து மறைத்தாள். கத்தரிக்கோல் பாய்ந்தது! தோளில் சுரீரென்றது!

திருமலை பாய்ந்து அக்காவின் மணிக்கட்டைத் திருகினான்.

"சந்தேகமாவே இருந்துது சிஸ்டர். ஓடிடுவாளோன்னுதான் தாழ்ப்பாள் போட்டேன். கூடப் பொறந்தவளை எப்படிங்க வாய் தொறந்து சொல்றது..."

வெளியே ஆம்புலன்ஸ் மணி. டாக்டர் கன்னியம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"பொழைச்சுக்குவா."

கூச்சல் கேட்ட தெருக்காரர்கள் சொல்லி அனுப்பியதில், பின்னாலேயே போலீஸ் ஜீப்பும் வந்தது. ஏறும்போது செல்லியம்மாள் சீறினாள்.

"அதைக் குடிச்சிருந்தா நான் செத்திருப்பேனேடி!"

தோளில் பஞ்சை அழுத்திக்கொண்டே அந்தோணியம்மாள் சிரித்தாள்.

"ஒரு டம்ளர்ல ஒண்ணும் ஆகியிருக்காதும்மா! நாள் கணக்கா உள்ள போனாத்தான் ஆபத்து. மடக்குன்னு குடிச்சுட்டு நின்னிருந்தீங்கன்னா... நானே மன்னிப்பு கேட்டுட்டு, இன்னொரு டம்ளர் கஞ்சியும் வாங்கிக் குடிச்சுட்டுப் போயிருப்பேன்!"