மாந்தோப்பின் வருகைப் பதிவேடு

கொழிஞ்சாம்பாறையில் அறிவின் விலை பக்கத்துக்கு மூன்று ரூபாய். டின்டுவின் ஜெராக்ஸ் கடைப் பலகை அப்படித்தான் சொல்கிறது. பேரம் பேசினால் இரண்டரைக்கும் படியும். அந்த விலைக்கு அச்செடுத்த ஆய்வுத் திட்டத்தோடு மோனிஷா வியாழக்கிழமை காலை அங்கே வந்து உட்கார்ந்தாள். இடுக்கித் தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்து, எம்.ஏ. படிக்க இந்தப் பக்கம் வந்தவள்.

"எழுதுனது நான்தான் சார். கூடப் படிக்கிற ஜெகனும் அச்சு அசலா இதையே அனுப்பியிருக்கான், எனக்கு ஒரு நாள் முன்னாடி. சாயங்காலம் அஞ்சுக்குள்ள யாரு எழுதுனதுன்னு தெரியலன்னா, பி.எச்டி.க்கு ரெண்டு பேரையும் எடுக்க மாட்டேன்னு பேராசிரியர் சொல்லிட்டாரு."

அவள் சார் என்றது ஆறுமுகசாமியை. முதலமடையில் முப்பது வருடம் மாங்காய்த் தரகு பார்த்தவர். தரகை விட்டுவிட்டு இப்போது டின்டு கடையில் பொழுதைப் போக்குகிறார்; எதிரில் நிற்பவன் எதை மறைக்கிறான் என்று பார்க்கும் பழக்கத்தை விடவில்லை.

"திங்கக்கெழம பாப்பா அச்செடுத்தப்ப ஜெகன் பின்னாடியே நின்னானுங்கண்ணா. ஃபைலு கம்ப்யூட்டர்லயே கெடந்துச்சு," என்றாள் டின்டு. "ஃபைல் தேதியப் பாத்தா ஆளப் புடிச்சரலாமுங்க."

"தேதிய மாத்தித் தர்றதுக்கு உன்ற கடையிலயே ரேட்டு இருக்குதே," என்றார் ஆறுமுகசாமி.

டின்டு விலைப் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

திட்டத்தின் பொருள், முதலமடைத் தோப்புகளில் மாங்காய் பறிக்கும் கூலியாட்களின் வருமானம். ஜெகனோ முதலமடைத் தோப்புக்காரர் மகன். மாங்காய் பற்றி எழுத எஸ்டேட் பெண்ணுக்கு என்ன தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆறுமுகசாமி நிதானமாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தார்:

'ஒவ்வொரு தோப்பின் வருகைப் பதிவேட்டிலிருந்தும் பத்துக்கு ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுவர். காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில் அவர்களிடம் நேர்காணல் செய்யப்படும்.'

ஆறுமுகசாமி கூப்பிட்டு, மூன்று மணிக்கு ஜெகன் கடைக்கு வந்தான். பேராசிரியர் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்; அது மோனிஷாவுக்கும் ஜெகனுக்கும் தெரியும்.

"ஏப்பா ஜெகா, நாளைக்கு உங்க தோப்புல காய் பறிக்க யாரு யாரு வர்றாங்க?"

"அது எப்படிங் மாமா இப்பவே தெரியும்? டெம்போக்காரர் காலைல கெடைக்கற ஆள ஏத்திட்டு வருவாருங்க."

"பேரு எழுதற நோட்டு?"

ஜெகன் சிரித்தான். "மாங்காத் தோப்புல நோட்டுங்களா? தலைய எண்ணிக் கூலி குடுக்கறதுதானுங்க."

ஆறுமுகசாமி மோனிஷாவிடம் திரும்பினார். "உங்க எஸ்டேட்டுல எப்படி அம்முணி?"

"பெரட்டுக் களத்துல காலைல பேரு கூப்பிடுவாங்க சார். புக்குல பேரு இல்லாம யாரு கொழுந்து கிள்ள முடியும்?"

"தோப்புலயும் அப்படித்தான்னு நெனச்சுட்டியா?"

அவள் முகம் வெளுத்தது. "அப்படி இல்லையா சார்?"

"இல்ல," என்றவர் மூன்றாம் பக்கத்தைக் கைப்பேசியில் படித்துக் காட்டினார். "தப்புங்க, பேராசிரியரே. பெரிய தப்பு. ஆனா தோப்புக்காரன் மகன் தூக்கத்துல கூட இந்தத் தப்பப் பண்ண மாட்டான். தெனமும் பேரு கூப்பிடறத கேட்டு வளந்தவங்களுக்குத்தான் இது வரும். ரெண்டு விண்ணப்பத்துலயும் அதே தப்பு இருக்குது. அப்ப எழுதுனது ஒருத்தரு, எடுத்தது இன்னொருத்தரு."

எல்லோரும் ஜெகனைப் பார்த்தார்கள்.

"மூணாம் பக்கம் வரைக்கும் நான் படிக்கலைங்க," என்றான் ஜெகன்.

பேராசிரியர் அவன் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார். மோனிஷாவுக்கும் சலுகை இல்லை: ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை நேரில் பார்த்துத் திருத்தித் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அவளுடையதும் போகும்.

"பதிவேடு இல்லன்னா ஆள எங்க சார் புடிக்க?"

"டெம்போவுல ஏறிக்க அம்முணி. பட்டியல் அதுலதான் உக்காந்திருக்கும்."

சனிக்கிழமை விடியற்காலை, முதலமடைச் சாலையில் குலுங்கும் டெம்போவில் மோனிஷா குறிப்பேட்டில் எழுதினாள்: ஏறியவர்கள் ஒன்பது. பேசியவர்கள் ஏழு. பாக்கி இரண்டு, அவர்கள் நாளைக்கு வருவார்களா என்பது டெம்போக்காரருக்கே தெரியாது.