வலையில் வந்த தலை

மீமிசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பகல் பதினோரு மணி. மீன் ஏலம் முடிந்து, கரையில் காக்கையும் கவிச்சியும்தான் மிச்சம். பேய்க்கு உகந்த நேரமே இல்லை.

என் பெயர் திருப்பதி. விமானப்படையின் ஏவுகணைப் பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்தேன். இப்போது திருமயத்தில் மிக்ஸி ரிப்பேர். என் சித்தி மகள் சுகுணா மூன்று நாளாகப் போன் செய்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் ஆத்மநாதன் வலையில் ஏதோ ஏறி வந்திருக்கிறதாம்.

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சாக்கை விலக்கினாள். ஏவுகணையின் தலை. கூம்பு உடைந்து, உள்ளே ரேடார் தகடு தெரிந்தது.

"விமானத்துல இருந்து விமானத்துக்கு விடுறது" என்றேன். "எதிரி எழுபது கிலோமீட்டருக்கு அங்கிட்டு இருப்பான். சுடுறவன் அவன் மூஞ்சியப் பாக்கவே மாட்டான். ரேடார்ல புள்ளியப் பாத்து விட்டுட்டுத் திரும்பிருவான். கடைசியில இந்தக் கண்ணுதான் தேடிப் பிடிக்கும். ஏதோ பயிற்சியில கடல்ல விழுந்திருக்கும். இப்ப இது செத்த பாம்பு. போலீசுக்குச் சொல்லியாச்சுல்ல?"

"நாளைக்கு வாராங்களாம். அண்ணே, இது சாகல. அவரையே பாக்குது."

தரையில் சாக்பீஸ் கோடுகள். படகு போன பக்கமெல்லாம் தகடு திரும்பியதாம், அவள் கோடு போட்டு வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயை மூடுவதற்குள் 'டிக்' என்றது.

தகடு ஒரு நூல் அளவு நகர்ந்தது.

வயர்களைப் பார்த்தேன். எல்லாம் அறுந்து உப்புப் பூத்திருந்தன. பேட்டரி இல்லை. கருகிய வாடை மட்டும் சூடாக வந்தது.

சுகுணா ஸ்பீக்கரில் புருஷனைக் கூப்பிட்டாள். "எங்க இருக்கீங்க?"

"கோட்டைப்பட்டினத்துக்கு நேரா, புள்ள. கரைக்கு வாரேன்."

டிக். டிக். டிக்.

எனக்குப் பழகிய சத்தம். பட்டறையில் சோதனைக் கருவி அப்படித்தான் அடிக்கும். இலக்கு நெருங்க நெருங்க வேகமாகும்.

"மாப்ள, படகை நிப்பாட்டு!" என்று கத்தினேன்.

நிறுத்தினான். சத்தம் இன்னும் வேகமானது.

"மச்சான், தலைக்கு மேல என்னமோ இரையுது. பாத்தா ஒண்ணுமில்ல..."

சுகுணா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, ஏதாச்சும் பண்ணுங்க."

எனக்கு ஒரே வழிதான் தெரியும். ஏவுகணையின் கண்ணைச் சோதிக்கப் பட்டறையில் ஒருவன் உலோகத் தகட்டைப் பிடித்தபடி அதன் முன்னால் நடப்பான். அது அவனைப் பற்றிக்கொள்ளும். ஆயிரம் முறை நடந்தவன் நான். சுவரோரம் இருந்த எவர்சில்வர் தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

ரேடார் தகடு என் பக்கம் திரும்பி நின்றது.

"இரைச்சல் நின்னுருச்சு மச்சான்" என்றான் ஆத்மநாதன். சுகுணா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

தாம்பாளத்தைக் கீழே வைத்த பிறகுதான் உறைத்தது. நடந்தவன் கையில் பிடித்த தகட்டை இறக்குவதற்கு முன் கருவியை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கண் அவனை விடாது. பட்டறையின் முதல் பாடமே அதுதான். இங்கே அணைக்க ஒரு சுவிட்சும் இல்லை.

மறுநாள் போலீஸ் வந்து எடுத்துப் போனது. புதுக்கோட்டையில் ஓர் அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே காவலுக்கு இருக்கும் சார்லஸிடம் நடந்ததைச் சொல்லி, சத்தம் கேட்டால் கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கூரையில் காக்கை நடந்தாலும் எழுந்து நிற்கிறேன்.

இன்று மத்தியானம், ரிப்பேருக்கு வந்த மிக்ஸியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சார்லஸ் போன் செய்தார்.

"சார், இதுல சத்தம் வேகமாகுது. நீங்க இங்கிட்டு வாரீங்களா?"

"இல்லையே. திருமயத்துல கடையிலதான் இருக்கேன்."

"அப்ப எது சார் கிட்ட வருது?"

வலையில் வந்தது தலை மட்டும். உடல் எங்கே என்று நான் கேட்கவே இல்லை.

மிக்ஸியை அணைத்தேன்.

இரைச்சல் நிற்கவில்லை.